சித்திரை வந்தால் வி.ஜி.பி.

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் கடலூர் டவுன்ஹாலில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மனசுக்கு நிறைவு தருவது பழகிய இடமா, புதிய இடமா என்பது தலைப்பு. பழகிய இடம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஒரே பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இருபது தடவை போகிறவர் ஒரு தடவைதான் பார்க்கிறார், மீதிப் பத்தொன்பது தடவை காசைத் தொலைக்கிறார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அவர் சொன்ன அந்த ஆள் நான்தான் ஐயா. 2003-லிருந்து, கொரோனா வந்த இரண்டு வருஷம் போக, ஒவ்வொரு சித்திரைக்கும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் ரேடியோவைத் தவணையில் கொடுத்தார்களே, அதே வி.ஜி.பி.தான்.

சித்திரை என்று ஏன் சொல்கிறேன்? அப்பாவுக்கு முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். விசைப்படகெல்லாம் கட்டிவிடுவார்கள். அப்போது 45 நாள், 2017-லிருந்து 61 நாள். படகு போகவில்லையென்றால் ஐசுக்கு ஏது வேலை? வீட்டில் காசு இருக்காது, அப்பா இருப்பார். வருஷம் முழுக்க நாங்கள் எழும் முன்பே கிளம்பிப் போகிறவர் பகலில் வீட்டில் இருப்பது அந்த ஒன்றரை மாதம்தான். அதற்காகவே பொங்கலிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சில்லறை சேர்த்து வைப்பார்.

விடிய நாலு மணிக்குக் கிளம்பி, பாண்டிச்சேரி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈ.சி.ஆரில், போகிற பஸ் பிடிப்போம். மரக்காணத்தில் உப்பு குவித்து வைத்திருப்பது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்போது அம்மா புளிசோற்றுத் தூக்கைத் திறப்பாள். இன்றைக்கும் உப்பளத்தைப் பார்த்தால் எனக்குப் புளிசோறு மணக்கிறது.

முதல் தடவை போனபோது ஆறாம் வகுப்பு. வாசலில், நாளெல்லாம் சிலை மாதிரி அசையாமல் நிற்பதே வேலையான அந்தச் சிலை மனிதர் நின்றார். தலைப்பாகை, பெரிய மீசை, இமைக்காத பார்வை. சிரிக்க வைத்தால் பரிசு என்றார்கள். பையன்கள் நாக்கை நீட்டினார்கள், குரங்கு மாதிரி குதித்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தலைப்பாகைக்குள்ளிருந்து ஒரு வியர்வைத் துளி கிளம்பி, நெற்றியில் இறங்கி, மூக்கோரமாக வந்து மீசையில் நின்றது. அவர் கை அசையவில்லை. நானும் ஏதோ சேட்டை பண்ணப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்து, "அவரு வேல பாக்குறாரு கண்ணு, தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார். பத்து வயதில் அது எனக்குப் புரியவில்லை. நாலைந்து வருஷம் கழித்து, அதே இடத்தில் அப்பா அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனதைக் கவனித்தபோதுதான், நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற ஒருவர் இன்னொருவருக்கு வைக்கிற வணக்கம் அது என்று தெரிந்தது. ஒரே தடவை போயிருந்தால் எனக்கு மீசை மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

சரி, புதுமையில்தான் கிளர்ச்சி என்றார் எதிரணித் தோழி. ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதே தண்டவாளம்தான். எந்த வளைவில் வயிறு கலங்கும் என்று தெரியும், தெரிந்தும் கத்துகிறோம். அது ஓடுகிற விதத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் முதலில் சங்கிலிதான் வண்டியை உச்சிக்கு இழுக்கிறது. உச்சியில் சங்கிலி விட்டுவிடும். அதற்கப்புறம் இழுக்க எஞ்சின் எதுவும் கிடையாது. அந்த முதல் ஏற்றத்தில் சேர்த்த உயரத்தை வைத்துத்தான் மீதி மேடு, வளைவு எல்லாம். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான் ஐயா. 2003-ல் அப்பா இழுத்துக்கொண்டுபோய் உச்சியில் விட்டார். இத்தனை வருஷமும் அந்த உயரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

2011 டிசம்பர் 30, தானே புயல். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த அரங்கில் ஓடு பறக்காத வீட்டுக்காரர் எத்தனை பேர்? பண்ருட்டிப் பக்கம் அம்மா பிறந்த வீட்டில் இருந்த பலா மரம் வேரோடு சாய்ந்தது. அவள் சின்ன வயதில் ஏறி விளையாடிய மரம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. சித்திரை வந்தது. இந்த வருஷம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அப்பா கேட்கவில்லை. உள்ளே நுழைய டிக்கெட் காசு, பஸ் காசு, அவ்வளவுதான் கையில். ராட்டினம் மேலே போய் நின்றது, கீழே கடல் நீலமாகக் கிடந்தது. அம்மா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "போன வருஷமும் இங்கதானடி நின்னுது" என்று சொல்லிச் சிரித்தாள். புது ஊருக்குக் கூட்டிப் போயிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது என்று சத்தியமாகச் சொல்வேன். எல்லாம் மாறிப்போன வருஷத்தில், போன வருஷம் நின்ற இடத்திலேயே ஒன்று நிற்கிறதே, அது அவளுக்குத் தேவைப்பட்டது.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. போன வருஷம் பார்த்த சாமிதானே என்று யாராவது வீட்டில் இருந்துவிடுகிறோமா?

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி, மகள்கள் ராட்டினம் சுற்றுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்டு திறந்தது. இதைப் படித்தபோது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவரும் பெஞ்சில்தான் இருப்பார், எங்கள் செருப்பு, பை, தூக்கு எல்லாவற்றையும் காவல் காத்தபடி. அவர் எதிலும் ஏறுவதே இல்லை என்பதை நான் கவனித்ததே கல்லூரி முடித்த பிறகுதான்.

அப்புறம், அங்கேயே பக்கத்தில் மீன் காட்சியகம் வந்தது. கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடந்தால் தலைக்கு மேல் மீன் போகும். பெஞ்சை விட்டு எழுந்து அப்பா உள்ளே வந்தார். ஒரு திருக்கை, வயிறு தெரிய மெதுவாக அவர் தலைக்கு மேல் நீந்திப் போனது. முப்பது வருஷம் மீனை ஐசில் போட்டவர், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "உசுரோட இப்படித்தான் போவுமா" என்றார். அரை மணி நேரம் நகரவில்லை. நடுவர் ஐயா, நாங்கள் போனது பழைய இடம். அவர் பார்த்தது புதுசு.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். ஒரு விளையாட்டுக்கு முன்னால் உயரம் பார்க்கிற கோடு உண்டு. 2003-ல் என்னைத் திருப்பி அனுப்பிய கோடு அது. போன சித்திரையில் என் மகள் அதன் கீழே குதிகால் ஒட்டி நின்றாள். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் அப்பா விரலை வைத்துப் பார்த்து, "ரெண்டு விரக்கடைதான்" என்றார். வருகிற ஏப்ரல் 16-க்கு வேன் பேசியாகிவிட்டது. வணக்கம்.