திலகவதியார் எடுத்துப்போன தோண்டி

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சித்திரைச் சதயம் அப்பர் பெருமானின் குருபூசை நாள். நீற்றறை என்னும் சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது என்று அவர் பட்ட பாட்டைத்தான் இந்த நாளில் அதிகம் பேசுவோம். நான் அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பக்தி என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சமாவது விளங்கியது அந்த அம்மையாரால்தான்.

திருவாமூரில் பிறந்தவர்கள். பெற்றோர் போய்விட்டார்கள். திலகவதியாருக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் இறந்தார். தம்பிக்காகத்தான் அவர் உயிரை வைத்திருந்தார். அந்தத் தம்பியும் சமணம் தழுவி, சமணப் பள்ளி இருந்த பாடலிக்குப் போய்விட்டார். அதன்பின் திலகவதியார் திருவதிகைக்கு வந்தார். விடியுமுன் எழுந்து வீரட்டானக் கோயிலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான்.

பிறகு ஓர் இரவு, சூலை நோய் என்னும் கொடிய வயிற்றுவலி தாங்காமல் தம்பி வந்து அக்காவின் காலில் விழுகிறார். திருநீறு கொடுக்கிறார் அக்கா. சரி, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். இத்தனை காலம் காத்திருந்த தம்பி வந்துவிட்டான், அதுவும் வலியில் துடித்துக்கொண்டு. நாமாக இருந்தால், கோயில் வேலை இன்று ஒருநாள் கிடக்கட்டும் என்போம். அது தப்பும் இல்லை. ஆனால் திருப்பள்ளியெழுச்சி நேரத்தில் அந்த அம்மையார் அலகும் மெழுக்கும் தோண்டியும், அதாவது துடைப்பமும் சாணமும் தண்ணீர்க் குடமும், எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பரின் முதல் பதிகம் பிறந்த காலை அது. அக்காவுக்கு அன்றும் கூட்ட வேண்டிய வாசல் இருந்தது.

நெஞ்சு உருகுவது பக்திதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உருகுவது நம் கையில் இல்லையே! என் தாயார் காலமான வருடம், சாமி முன்னால் நின்றால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. பாடவும் வாய் வராது. விளக்கைத் துடைக்க மட்டும் முடிந்தது. எண்ணெய் விட்டுத் திரி போடுவேன், அப்புறம் எழுந்து போய்விடுவேன். ஏழெட்டு மாதம் என் பூசை அவ்வளவுதான். இதைப் பூசை என்று சொல்லலாமா என்றுகூட அப்போது சந்தேகப்பட்டேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை. திலகவதியார் அழுத நாளும் உண்டு, அலகு எடுக்காத நாள் உண்டா?

அப்பர் பின்னாளில் திருவாரூரில் தம் நெஞ்சைக் கூப்பிட்டுப் பாடுகிறார். நித்தலும் கோயிலுக்குப் போ, பொழுது புலருமுன் அலகிடு, மெழுகு, மாலை கட்டு என்கிறார். அக்கா செய்ததைப் பார்த்தவர் வாயிலிருந்து வந்த பாட்டு என்றே எனக்குத் தோன்றும். அதில் ‘நித்தலும்’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கையில் கடைசிவரை இருந்தது புல் செதுக்கும் உழவாரம். திருப்புகலூரில் அந்த உழவாரப் படையில் பொன்னும் மணியும் தட்டுப்பட்டபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார்.

நம் கோயில் மதில் இடுக்கில் அரசங்கன்று மறுபடி தலைகாட்டுகிறது. போன முறை மேலே கிள்ளிவிட்டு வேரை விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாருங்கள். உழவாரம் நாலைந்து இருக்கிறது, சாணம் கரைக்க வாளி மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள்.