கிலோவோடு சென்டிமீட்டரையும் பாருங்கள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் பிசியோதெரபி பார்க்கிறவன். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள், நடவு வேலைக்குப் போகிறவர்கள், தெருக்குழாயில் குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் என்று பலரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம் சார்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பாரம் உங்கள் முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் நான் திருப்பிக் கேட்பேன், ஏனென்றால் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

கல்லைப் புரட்டக் கடப்பாறை போடும்போது நீளமான பக்கத்தை நாம் பிடித்துக்கொண்டு கட்டையான பக்கத்தைக் கல்லுக்குக் கொடுக்கிறோம், கொஞ்சம் அழுத்தினாலே கல் அசைந்துவிடுகிறது. நம் முதுகில் இது அப்படியே தலைகீழ். நெம்பும் இடம் இடுப்பில் இரண்டு முள்ளெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு, அதாவது டிஸ்க். அதற்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் முதுகுத் தசை இழுக்கிறது, சுமையோ முன்னால் 40, 50 சென்டிமீட்டரில் தொங்குகிறது. முழங்கையிலும் இதே கதைதான். கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து 4, 5 சென்டிமீட்டரில் ஒட்டியிருக்க, உள்ளங்கை அதைப்போல ஏழெட்டு மடங்கு தள்ளி இருக்கிறது. தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம் வீசும். வேகம் கிடைக்கிறது, விலையாகத் தசை பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலிக்காரர் பொரெல்லி. அவர் இறந்தபின் 1680இல் புத்தகம் வெளிவந்தது. தசைகள் சின்ன விசையால் பெரிய பாரத்தைத் தூக்குகின்றன என்று அதுவரை நினைத்திருந்ததை அவர் புரட்டிப் போட்டார்.

நம் வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். 15 லிட்டர் குடம், 15 கிலோ. குனிந்து கையை நீட்டித் தூக்கும்போது அது வட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 5 சென்டிமீட்டரில் இழுக்கும் தசைக்கு அது 120 கிலோ வேலை. அதோடு முடியவில்லை. 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு இடுப்புக்கு மேலே உள்ள உடம்பே 30 கிலோ இருக்கும், குனியும்போது அதன் பாரமும் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் முன்னால் போய்விடுகிறது, அதற்குத் தனியாக 150. தீப்பெட்டி எடுக்கக் குனிந்தாலும் இந்த 150 உண்டு! குடத்தை உடம்போடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்த 120 அறுபதாகக் குறைகிறது. குடம் அதேதான், தண்ணீரும் அதேதான்.

முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். நல்லதுதான், ஆனால் மூட்டை முழங்காலுக்கு வெளியே இருந்தால் உட்கார்ந்து தூக்குவதில் பெரிய லாபமில்லை, சுமை இரண்டு காலுக்கும் நடுவே வர வேண்டும். ஒரே கையில் 20 லிட்டர் தூக்குவதைவிட இரண்டு கையிலும் பத்துப் பத்தாகத் தூக்குவது மேல், பக்கவாட்டில் சாய்க்கிற நெம்பு அதில் இல்லை.

வட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுவில் நீர்ச்சத்துள்ள கூழ், சுற்றிலும் அடுக்கடுக்காக நார் வளையம். பெரியவர்களுக்கு அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, ஊட்டம் ஊறித்தான் போக வேண்டும். பகலெல்லாம் பாரத்தில் நீர் கசிந்து இரவு படுக்கும்போது திரும்ப ஏறுகிறது, அதனால்தான் காலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேகூட உயரமாக இருப்போம். ஆனால் ஊறிய வட்டு விறைப்பாக இருக்கும், எழுந்தவுடனே ஆழக் குனிந்து பாரம் தூக்காதீர்கள். நடவிலும் அப்படித்தான். நெடுநேரம் குனிந்தே இருந்தால் முதுகுத் தசை தளர்ந்து, தாங்குகிற வேலை எலும்பை எலும்போடு கட்டும் நார்களுக்குப் போய்விடும், அவை இழுபட்டுக் கிடக்கும். வரப்பேறிய கையோடு நாற்றுக்கட்டைத் தூக்காமல் சில நிமிடம் நிமிர்ந்து நடங்க தாயி, அப்புறம் தூக்குங்க.

இப்போது தலைச்சுமைக்கு வருவோம். சும்மாடு கூட்டித் தலையில் வைத்தால் பாரம் முதுகெலும்புக்கு நேர்கோட்டில் இறங்குகிறது, இடுப்புக்கு நெம்பு ஏறக்குறைய இல்லை. கழுத்து வட்டுகள் சிறியவை, வருஷக்கணக்கில் அவை தேயும், அது வேறு. இடுப்புக்கு ஆபத்து ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். அதனால்தான் "ஒரு கை பிடிங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறோம். யாரும் இல்லாத வழியில் என்ன செய்வது? பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல் இறக்கி, இளைப்பாறி, குனியாமலே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். முதுகு நெம்பாக மாறுகிற அந்த ஒரு நொடியையே அது எடுத்துவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய இடுப்பு வைத்தியம் தெரியாது.

இடையில் ஒன்று. வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலும், பாதம் தொய்ந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தால் சுளுக்கு எடுக்கிற இடத்துக்குப் போகாதீர்கள், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

மாட்டுத்தாவணி, பரவை, கீழமாசி வீதி என்று எங்கே சரக்கு இறங்கினாலும் நான் கேட்டுக்கொள்வது இது. லாரித் தளம் இடுப்புக்கு மேலே இருக்கிறது, மூட்டை அங்கிருந்து நேரே தோளுக்கு வந்துவிடும். கடைக்குள் அதைத் தரையில் போட்டுத் திரும்பத் தரையிலிருந்து எடுக்கும்போதுதான் முதுகு போகிறது. இறக்குகிற இடத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டுங்கள். தொழிலாளர்களே, கூலி பேசும்போது திண்ணையையும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரர்களே, அடுத்த முறை கொத்தனாரைக் கூப்பிடும்போது முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.