பத்தோடு நிற்கிற தட்டு

(பள்ளி ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதித் தருகிறேன்.)

தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குத் தன் கைக்காசு போட்ட பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, சத்துணவுக்கூட அக்காமார்களே (உங்களைத்தான் முதலில் சொல்லியிருக்கணும்), எல்லாருக்கும் வணக்கம். சால்வை போட்ட முன்னாள் ஊராட்சித் தலைவர் ஐயாவுக்குத் தனி வணக்கம். சால்வைக்குப் பதில் நாலு எவர்சில்வர் தட்டு தந்திருந்தால் இன்னும் பெரிய வணக்கமாகப் போட்டிருப்பேன்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பெண்பிள்ளைக்கு முதலில் பறப்பது படிப்புதான். மூன்று விஷயம் பேச வந்தேன்: சோறு, முட்டை, கழிப்பறை.

1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்ததும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியதும் உங்களுக்கே தெரியும். அந்த 82-ல் நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, வள்ளி என்று வைத்துக்கொள்வோம், ஆடு மேய்ப்பாள். மதிய மணி அடித்தால் மட்டும் வரிசையில் நிற்பாள். வாத்தியார் பார்த்தார். "காலையில் ரிஜிஸ்டரில் பேர் இருந்தால்தான் மத்தியானம் தட்டு" என்றுவிட்டார். மறுநாள் கேட் திறக்கும் முன்பே வந்து நிற்கிறாள், இடுப்பில் தம்பி, கையில் இரண்டு ஆடு! ஆட்டை வேப்பமரத்தில் கட்டினாள், தம்பியை என் பக்கத்தில் உட்கார வைத்தாள், அவன் என் சிலேட்டை நக்கினான், இதற்குள் ஒரு ஆடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து ரிஜிஸ்டரின் ஓரத்தைத் தின்றுவிட்டது. வாத்தியார் பிரம்பை எடுத்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, "ஆட்டுக்கும் வருகை போட்டாச்சு, உட்காரு" என்றார். பத்து நாளில் ஆடுகள் அவள் அப்பாவிடம் போய்விட்டன. ஒரு வேளைச் சோறு மிச்சம் என்பது அந்த வீட்டில் அவ்வளவு பெரிய கணக்கு.

வள்ளி பத்தாவது பாஸ். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பிளஸ் ஒன்னுக்கு டவுனுக்குப் போகணும், பஸ் காசு, கையில் சாப்பாடு. "போதும்" என்றார் அப்பா. பசி வந்தால் பத்தும் பறந்து போகும். இவளுக்குப் பத்துக்கு மேலே பறந்தது.

இன்றும் அதே கோடுதான். ஒன்று முதல் ஐந்து வரை 2022-லிருந்து காலை உணவும் உண்டு, நல்ல காரியம். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நடுவில் பதினொன்று, பன்னிரண்டு? இந்தப் பள்ளியிலேயே பத்தாவது பிள்ளைகள் வரிசையில் நிற்கையில் பிளஸ் ஒன் பிள்ளைகள் குழாயடியில் தண்ணீர் குடிப்பதைப் போன வாரம் பார்த்தேன். அதே உலை, இன்னும் ரெண்டு படி அரிசி. கேட்டால் நிதி என்பார்கள். நாமும் விடாமல் கேட்போம்.

முட்டையும் கழிப்பறையும்... சரி, ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மனு இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவைத் திருப்பித் தந்துவிடுங்கள், போன கூட்டத்தில் மூன்று காணாமல் போச்சு.