எப்பம் தொட்டு மக்களே?

நடுவர் அவர்களே, களியக்காவிளைப் பெரியவர்களே, வணக்கம். மனசு தளர்ந்தவருக்கு முதல் துணை மருத்துவமனையா, அவர் சொல்வதை நம்பும் வீடா என்பது தலைப்பு. நான் வீட்டின் பக்கம்.

நம்பிக்கொண்டு உட்கார்ந்தால் நோய் போகுமா, மாத்திரைதானே போக்கும், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாமே என்று எதிரணி அண்ணன் கேட்டார். சரி அண்ணே, மாத்திரை வேண்டும், நான் மறுக்கவில்லை. அந்த வாசல் வரைக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போவது யார்?

என் தம்பி ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். ஒருநாள் முதல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான், வெட்டுக்கத்தி கையில் இருக்கிறது, முந்தின நாள் பால் சிரட்டையில் உறைந்து கிடக்கிறது, அதைப் பிய்த்தெடுக்கக்கூட கை எழவில்லை. "உறக்கம் வரல்ல, எழும்ப முடியல்ல" என்றான். மடி, சோம்பல் என்றார் அப்பா. கண்ணு பட்டிருக்கு என்று சித்தி கயிறு கட்டினாள். படித்தவள் நான், "போனைத் தூக்கிப் போடு, எல்லாம் சரியாகும்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. தனியாக ஒரு ஆஸ்பத்திரிக்கும் போனான், ரத்தம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நம் பக்கம் சண்டை வந்தால் "ஊளம்பாறைக்குப் போ" என்கிறோம். திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கிற இடம் அது. அந்தப் பெயரையே வசவாக்கி வைத்துவிட்டு, அங்கே போய்க் காட்டு என்றால் எவன் போவான்?

சட்டம்கூட மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரை முன்பெல்லாம் குற்றவாளியாகப் பார்த்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், அவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது.

காதில் குரல் கேட்கிறது என்று ஒருவன் சொன்னால், ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று தலையாட்டச் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அவனுடைய பயம் நடிப்பில்லை, அதை நம்பினால் போதும்.

ஒரு ராத்திரி அம்மா தம்பியின் பாயருகே உட்கார்ந்து, "எப்பம் தொட்டு மக்களே இப்படி இருக்கு?" என்று கேட்டாள். எப்போதிருந்து மகனே என்றுதான், வேறெதுவும் கேட்கவில்லை. விடிய விடிய அழுதுகொண்டே சொன்னான். காலையில் அம்மா சேலை மாற்றி வருவதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றான்.