கூடம் கோணல்தான்

(பள்ளி மாணவியர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, கோப்பைகளை வழங்கிய அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே! இவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே இந்த மைதானத்துக்குச் சுண்ணாம்பும் கோல் வலையும் அந்த வீட்டிலிருந்துதான் வருகின்றன. இதை நான் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். தலைமையாசிரியைகளே, பெற்றோர்களே, முழங்காலில் புழுதியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை.

மூன்று செய்திகள் பேசுவதாகக் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, நாட்டின் பெண்கள் கால்பந்து அணிகள் மோதும் இந்திய மகளிர் லீக்கின் 2021-22 பருவம். இரண்டு, வீராங்கனைகளின் சம்பளம். மூன்று, பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை.

என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். கால் வழுக்கியது, பந்தில் காற்று இல்லை என்று எந்தப் பிள்ளை சாக்குச் சொன்னாலும் இந்தப் பழமொழியைத்தான் எடுத்து வீசுவேன். இன்றைக்கு அதைத் திருப்பிப் பிடிக்க வந்திருக்கிறேன்.

மகளிர் லீக் தொடங்கியது 2017-இல். முதல் கோப்பை மணிப்பூருக்குப் போனது, இரண்டாவது ஒடிசாவுக்கு. மூன்றாவது, 2019 மே மாதம் லூதியானாவில், நம் மதுரை சேது எஃப்சி அணிக்கு! மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். மறு வருடம் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா வென்றது. பிறகு கொரோனா. இரண்டு வருடம் லீக்கே இல்லை. ஓடி ஓடிப் பழகிய கால்கள் இரண்டு வருடம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் காளை வளர்ப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

2022 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் மறுபடி தொடங்கினார்கள். 12 அணிகள்; ஒவ்வொன்றும் மற்ற பதினொன்றோடும் ஒரு முறை மோத வேண்டும். மொத்தம் 66 ஆட்டங்கள், எல்லாமே ஒரே ஊரில், அதுவும் அந்த ஏப்ரல், மே வெயிலில். கோகுலம் ஆடிய பத்தையும் வென்றது. சேதுவும் ஆடிய பத்தையும் வென்றது. அட்டவணை போட்டவர் ஜாதகம் பார்த்துப் போட்டாரோ என்னவோ, இந்த இரண்டு அணிகளும் சந்தித்தது கடைசி நாளில்தான். மே 26, கலிங்கா மைதானம். புள்ளிகள் சமம்; ஆனால் போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்த வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். நமக்கு வெற்றி வேண்டும்.

செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் சேது ஒரு கோல் போட்டுவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா பாம்பு வந்துவிட்டது என்று ஓடி வந்தார். பிறகு பெனால்டியில் கோகுலத்தின் ஆஷாலதா தேவி சமன் செய்தார். அதே அணிக்காகக் கானா நாட்டின் எல்ஷடாய் அச்சியாம்பாங் ஒன்று, பஞ்சாபின் மனிஷா கல்யாண் ஒன்று. இடைவேளைக்குள் 3-1. லூதியானாவில் எந்தக் கணக்கில் வென்றோமோ அதே கணக்கில் தோற்றோம். பதினோரு ஆட்டத்தில் பத்தை வென்றும் கோப்பை இல்லை. இவர்களுக்கா ஆடத் தெரியாது?

சரி, வென்ற கோகுலத்துக்காவது கூடம் நேராக இருந்ததா? ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக அவர்கள் தாஷ்கண்ட் போய் இறங்கிய நேரத்தில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. நிர்வாகத் தகராறு, பந்தைத் தொட்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி வந்தார்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சம்பவம், சின்னதுதான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு போட்டிக்குப் பதினான்கு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊரையும் நடத்தியவர்களையும் சொல்ல மாட்டேன். காலை ஏழு மணி. "உடை மாற்ற இடம் எங்கே?" என்று கேட்டேன். "அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் சார்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். மூன்று பேர் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இட்லி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டார். "பிள்ளைகளை இங்கே அனுப்புங்கள் ஐயா" என்றார். ஒரே அறைதான் வீடு. உள்ளே அவருடைய கணவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "எழுந்து வெளியே போ" என்றார் அம்மா. மனிதர் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னத்தில் சோப்பு நுரையுமாகத் தெருவில் வந்து நின்றார். மூன்று மூன்று பேராகப் பதினான்கு பேரும் மாற்றி முடிக்கும்வரை நின்றார். நுரை காய்ந்து உதிர்ந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்னப்பா, சண்டையா?" என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். அதோடு அந்த அம்மா ஆளுக்கு இரண்டு இட்லி கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். மதியம் அரையிறுதி. இரண்டாம் பாதியில் எங்கள் கோல்கீப்பர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஓடிப்போய்க் காலை நீட்டிவிட்டபடியே "தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்டேன். என் காதருகில் சொன்னாள்: "காலையிலிருந்து குடிக்கவில்லை சார். குடித்தால் எங்கே போவது?"

அன்று 0-1 என்று தோற்றோம். மாலையில் மேடையில் ஒருவர், பெண் பிள்ளைகளுக்குத் தாக்குப்பிடிக்கும் தெம்பு போதாது, இன்னும் பயிற்சி வேண்டும் என்று பேசினார். எனக்கு அப்பத்தா நினைவு வந்தது. இவளுக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல், மெய்யாகவே கோணல்!

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெண்கள் ஆடும் ஒவ்வொரு மைதானத்திலும் உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை. இதற்காக ஆறு வருடமாக மனு எழுதுகிறேன். நகல்களைச் சுமக்க இப்போது தனிப் பை வைத்திருக்கிறேன். லீக்கில் ஆட இங்கிருந்து ஒருத்தி போக வேண்டுமென்றால் பன்னிரண்டு வயதில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு ஆட வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். சம்பளமும் பாடவேளையும் அடுத்த வருடம், அழைத்தால்.

அம்மையார் அவர்களே, இந்த மேடைக்குப் பின்னால் இருபது அடியில் பெண்களுக்கென்று கட்டிய அறை ஒன்று இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. சாவி வைத்திருப்பவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்; பெயர் சொல்லவில்லை. தேசிய கீதம் முடிந்ததும் போய்த் திறந்து பார்த்துவிடலாம். உள்ளே விளக்கு எரியாது. டார்ச் கொண்டு வந்திருக்கிறேன்.