வேகமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு

நடுவர் ஐயா அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் கிருஷ்ணகிரிப் பெரியோர்களே, மாணவத் தம்பி தங்கைகளே, வணக்கம்.

டி.என்.ஏ.வை நகலெடுப்பதில் விஞ்சி நிற்பது பாக்டீரியாவா, உட்கரு உள்ள செல்லா? இதுதான் இன்றைய தலைப்பு. உட்கரு உள்ள செல்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். மனிதர், மாமரம், ஈ, ஈஸ்ட் எல்லாம் என் கட்சி.

எதிரணி அண்ணன் கணக்கை அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் இருப்பது சுமார் 46 லட்சம் எழுத்து, அதாவது வரிசையாகக் கோத்த வேதிக் கண்ணிகள்; அதை நகலெடுக்கும் நொதி விநாடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து ஓடும்; 40 நிமிடத்தில் நகல் தயார்; நம் செல்லின் நொதியோ விநாடிக்கு 50 எழுத்தைத் தாண்டுவதே அரிது என்றார். சரி, கணக்கில் பிழை இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு வேலை என்பதை அவர் சொல்லவே இல்லையே!

பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒரே வளையம். தொடங்கும் இடம் ஒன்று. அங்கிருந்து இரு பக்கமும் கிளம்பி எதிர்ப்புறத்தில் சந்தித்தால் வேலை முடிந்தது. நம் செல்லில் 46 குரோமோசோம்கள், 600 கோடிக்கும் மேல் எழுத்துகள், நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர். அதுவும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறது. நொதி போகும் வழியெல்லாம் சுற்றைப் பிரிக்க வேண்டும். பின்னாலேயே இரண்டு நகலிலும் மறுபடி சுற்ற வேண்டும். எந்த ஜீன் பேச வேண்டும், எது வாய்மூடி இருக்க வேண்டும் என்பதற்கான குறிகள் பல அந்த ஹிஸ்டோன்கள் மேலேயே இருக்கின்றன. பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு நகலுக்கும் பங்காகப் போகின்றன. இவ்வளவையும் சுமந்துகொண்டு ஓடுகிறவரிடம் போய், ஏன் மெதுவாக ஓடுகிறாய் என்று கேட்பது நியாயமா ஐயா?

நம் முதல் குரோமோசோமில் மட்டும் சுமார் 25 கோடி எழுத்துகள். ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் 50, 50 என்று போனால் அது ஒன்றுக்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆனால் மொத்த வேலையும் சுமார் 8 மணி நேரத்தில் முடிகிறது. பத்து ஏக்கர் கேழ்வரகை ஒரு மூலையில் இரண்டு பேர் அறுப்பதற்கும், ஊரே இறங்கி அறுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நம் செல்லில் பல்லாயிரம் இடங்களில் நகலெடுப்பு தொடங்குகிறது.

இங்கேதான் பெரிய ஆபத்து. பல்லாயிரம் தொடக்கங்களில் ஒன்று இரண்டாவது தடவை தொடங்கிவிட்டால் அந்தத் துண்டு கூடுதலாகப் பெருகும், டி.என்.ஏ. உடையும், புற்றுநோய்க்கே வழி திறக்கும். அதற்கு நம் செல் செய்திருக்கும் ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நகலெடுப்பு தொடங்கும் முன்பே, ஒவ்வொரு தொடக்க இடத்திலும் எம்.சி.எம். என்ற புரத வளையம் மாட்டப்படுகிறது. அதுதான் அனுமதிச் சீட்டு. வேலை ஆரம்பித்ததும் சீட்டு கொடுப்பது அடியோடு நிறுத்தப்படும். ஜெமினின் என்ற புரதம் வந்து, புதிய வளையம் மாட்டவிடாமல் தடுக்கும். சீட்டு கொடுக்கும் நேரம் வேறு, சீட்டைப் பயன்படுத்தும் நேரம் வேறு. அதனால் எந்த இடமும் விட்டுப்போகாது, எந்த இடமும் இரண்டு முறை நகலாகாது.

பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் என்றும் அண்ணன் பெருமையாகச் சொன்னார். நகலெடுக்க 40 நிமிடம் ஆகும் என்றால், 20 நிமிடத்தில் எப்படிப் பிரிகிறது? முதல் நகல் முடியும் முன்பே அடுத்த நகலை ஆரம்பித்துவிடுகிறது! பிறக்கும் குட்டிச் செல்லுக்குள்ளேயே பாதி முடிந்த நகல் இருக்கும். ஒரு வளையத்தோடு வாழும் பாக்டீரியாவுக்கு அது ஒத்துவரும். 46 குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டிய செல்லுக்கு ஒத்துவராது.

பாக்டீரியாவிடம் நாம் பாடம் படித்ததை நான் மறைக்கவில்லை. டி.என்.ஏ. இரண்டு இழை கொண்டது; ஒவ்வொரு நகலிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை என்று விஞ்ஞானிகள் மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் காட்டியது ஈ.கோலையை வைத்துத்தான். பிழை திருத்தும் திறமையும் இரு தரப்புக்கும் பொது. ஆனால் நகலெடுக்க நகலெடுக்கக் குரோமோசோமின் முனை தேயும் சிக்கல் வளையத்துக்குக் கிடையாது, நமக்கு உண்டு. அந்த முனையை நீட்டித் தரும் டெலோமரேஸ் நொதியை கரோல் கிரெய்டரும் எலிசபெத் பிளாக்பர்னும் கண்டுபிடித்தது, டெட்ராஹைமீனா என்ற, உட்கரு உள்ள ஒரு செல் உயிரில். 2009இல் ஜாக் சோஸ்டாக்கோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். அதே நொதி செடிகொடிகளின் குருத்துச் செல்களிலும் வேலை செய்கிறது.

கடைசியாக வேகத்துக்கே வருகிறேன். மாம்பழ சீசனில் கனிந்த பழத்தைச் சுற்றுமே, சின்னஞ்சிறு பழ ஈ, அதன் டி.என்.ஏ. சுமார் 18 கோடி எழுத்து. ஈ.கோலையைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த ஈயின் முட்டைக்குள் கரு வளரத் தொடங்கும் முதல் மணி நேரத்தில், இவ்வளவும் நகலாக எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் 4 நிமிடம்! நொதியை விரட்டி ஓட்டவில்லை. தொடக்க இடங்களை நெருக்கமாக வைத்து, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. கரு வளர்ந்த பிறகு, அதே ஈயின் செல்கள் மணிக்கணக்கில் நகலெடுக்கின்றன. அவசரம் வந்தால் பறக்கவும், அவசரமில்லாதபோது நிதானிக்கவும் தெரிந்த செல் இது.

நடுவர் ஐயா, அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா இந்த 4 நிமிடக் கணக்குக்கு முதலில் பதில் சொல்லட்டும். அப்புறம் வேகத்தைப் பற்றிப் பேசட்டும். நன்றி, வணக்கம்.