நத்தை என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நம் வாழ்வை அதிகம் மாற்றியது உலோகத்தில் ஓடும் எலக்ட்ரானா, சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் ஓடும் எலக்ட்ரானா? உலோகமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி, "தாமிரக் கம்பியில் எலக்ட்ரான் நத்தையைவிட மெதுவாகப் போகிறது" என்றார். அரங்கமே கைதட்டியது. கணக்கு உண்மைதான், வீட்டுக் கம்பிகளில் அது முன்னேறும் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆனால், தம்பி, நீங்கள் மயிலாப்பூரில் பங்குனித் தேர் பார்த்ததில்லையா? வடம் பிடித்தவர் ஒவ்வொருவரும் அடிமேல் அடிவைத்துத்தான் நடக்கிறார். ஆனால் முன்னால் நிற்பவர் இழுத்த மறுகணம் பின்னால் தேர் அசைகிறதே! தாமிரக் கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் முன்பே வடம் பிடித்து நிற்கின்றன. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக நகர்கின்றன. அதுமட்டுமா? நத்தை என்றீர்களே, அதே எலக்ட்ரான் தாமிரத்துக்குள் விநாடிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. எல்லாத் திசையிலும் பறப்பதால்தான் ஒரு திசையில் மெதுவாகத் தெரிகிறது!

இன்னொன்றும் சொல்கிறேன். 1928. நம் சென்னை மாநிலக் கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து இயற்பியல் அறிஞர் சாமர்ஃபெல்டு வந்திருந்தார். 18 வயதை ஒட்டிய ஒரு மாணவர் அவர் தங்கியிருந்த இடத்துக்கே தேடிப் போனார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்தவர் அந்த மாணவர். சாமர்ஃபெல்டோ, அந்த நூலுக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லிவிட்டார். கற்றதெல்லாம் பழசாகிப்போனால் ஒரு பிள்ளையின் மனம் எப்படி இருக்கும்? ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். எதைப் பற்றிய கட்டுரை? மறுபடியும் கேட்கிறேன், அந்தத் தாளில் இருந்தது என்ன? சிலிக்கானா? இல்லை ஐயா, உலோகத்து எலக்ட்ரான்கள்! அந்தப் பிள்ளை சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்த எலக்ட்ரான் கணக்கையே விண்மீன்களுக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குள்ளன் விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1983இல் நோபல் பரிசு. உலோகத்துக்குப் போட்ட கணக்கு விண்மீனுக்கும் வரம்பு கட்டியது!

1947இல் குறைகடத்தியால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் பிறந்ததை மறுக்கவில்லை. துளி பாஸ்பரஸ் கலந்தால் சிலிக்கானின் குணமே மாறுவதும் அழகுதான். ஆனால் இன்றைய கணினிச் சில்லுக்குள் டிரான்சிஸ்டரையும் டிரான்சிஸ்டரையும் இணைப்பது எது? பெரும்பாலும் தாமிரம்தானே!

என் அப்பா வயரிங் தொழிலாளி. மிச்சமான துண்டுக் கம்பிகளின் உறையைச் சீவி, தாமிரத்தை எடைக்குப் போட்டு எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் தெருவில் வீடு வீடாகப் போய் நனைந்த கம்பிகளை மாற்றினார். கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். விளக்கு எரிந்தது. அம்மா விளக்கைப் பார்க்கவில்லை. அப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

அப்பா இன்று இல்லை. அவர் இழுத்த தாமிரம் இன்னும் எங்கள் சுவருக்குள் இருக்கிறது. இங்கே கிளம்புமுன் அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வந்தேன், நடுவர் அவர்களே. வணக்கம்.